அங்கீகரிக்கப்பட்ட அப்பா

கவிஞர் வாழ்வுப் பேரவையிலிருந்து அழைப்பு வந்த அன்று வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பது வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்துகிறவர். மூன்று கவிதைப் புத்தகம் போட்டவர். அவற்றை வாங்கியவர்கள் யார் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவரைத் தெருவில் கண்டதும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் வாங்கியவர்கள்தான். அப்படிப்பட்ட மனிதருக்கு, 'தங்கள் வாழ்வை நூலாக்க உத்தேசித்துள்ளோம்' என்று பேரவை எழுதினால் பாவம், அவர் என்ன செய்வார்? அன்றைக்கு வகுப்பில் ஒருவனையும் பெஞ்சு மேல் ஏற்றவில்லை.

பேரவை என்றால் சாதாரணம் இல்லை. அது ஒருவருடைய வாழ்க்கையை எழுதி, அட்டையில் முத்திரை குத்தி வெளியிட்டால்தான் அவர் கவிஞர். மற்றவர்கள் எல்லாம் வெறும் 'எழுதுபவர்கள்'. கவிஞர்களின் புத்தகம் பொது நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குப் போகும். எழுதுபவர்களின் புத்தகம் மாடிப்படிக்கு அடியில் போகும். அந்த மாடிப்படி அடியை வாத்தியார் ஒருமுறை குனிந்து பார்த்திருக்கிறார். ஒரு துடைப்பம், கால் உடைந்த ஒரு நாற்காலி, அவருடைய முதல் புத்தகம். அன்றிலிருந்து கண்ணாடி அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

வீட்டில் அவரைவிட அதிகமாகக் குதித்தவர் அவருடைய அப்பா. எண்பதைத் தாண்டிய தையற்காரர். கடையை மூடி ரொம்ப நாளாகிவிட்டது. தையல் மிஷினை மட்டும் தன் அறை ஜன்னலோரம் போட்டு வைத்திருந்தார். சமீபமாகக் கொஞ்சம் மறதி. மூக்கில் போட்ட கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுவார். ஆனால் மகன் பள்ளி நாளில் எழுதிய கவிதைகளைக் கேட்டால் மட்டும் கடகடவென்று ஒப்பிப்பார்.

ஏன் ஒப்பிக்க மாட்டார்? அவருடைய கடைதான் வாத்தியாரின் முதல் கவியரங்கம். அளவு கொடுக்க வந்த ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார், மார்பைச் சுற்றி டேப் இருக்கும், ஓட முடியாது. அந்த நேரம் பார்த்து, "எங்க பையன் ஒண்ணு எழுதியிருக்கான், கேளுங்க" என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். இடுப்புக்கு ஒரு கவிதை, தோளுக்கு ஒரு கவிதை. கவிதை நீளம் என்றால் எடுத்த அளவையே மறுபடி எடுப்பார். பாதி வாடிக்கையாளர்கள் ரெடிமேடு துணிக்குப் போனதே இதனால்தான் என்று வாத்தியாரின் அம்மா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவங்க என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிடுடா," என்றார் அப்பா. "எதையாவது முரண்டு பிடிச்சுக் காரியத்தைக் கெடுத்துடாதே. நான் கண்ணை மூடுறதுக்குள்ள உன் பேர்ல ஒரு தடிப் புத்தகம் பாத்துடணும்."

பேரவைக் கட்டடத்தின் முன்னறையில் மூன்று வகை இருக்கை. ஒரு புத்தகம் போட்டவருக்கு முக்காலி, இரண்டு போட்டவருக்கு முதுகு சாயும் நாற்காலி, மூன்று போட்டவருக்குக் கை வைத்த நாற்காலி. வாத்தியார் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் முக்காலியில் ஓர் ஆள் குனிந்து அவசர அவசரமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாவது புத்தகமாக இருக்கும்.

உள்ளே நீள மேசை. நடுவில் தலைவர், ஒரு பக்கம் செயலாளர், இன்னொரு பக்கம் வரலாற்றாளர், அதாவது வாழ்க்கைகளை எழுதுகிறவர். முதல் காரியமாக எல்லோரும் எழுந்து, இன்னும் பிறக்காத கவிஞர்களுக்காக மௌனம் காத்தார்கள். இறந்தவர்களுக்கு ஏன் இல்லை என்று வாத்தியார் யோசிப்பதைச் செயலாளர் கண்டுபிடித்துவிட்டார்.

"இறந்தவங்களுக்கு வியாழக்கிழமை," என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஐயா, முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். உங்க கவிதையை நாங்க யாரும் படிக்கல. படிக்கவும் மாட்டோம். படிச்சா இவர் நல்லா எழுதுறார், அவர் மோசமா எழுதுறார்னு மனசுல ஏதாவது பட்டுடும். நடுநிலைமை போயிடும். இந்தப் பேரவை ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு வரி கவிதை இந்தக் கதவைத் தாண்டி உள்ள வந்ததில்ல. அதுல எங்களுக்கு ஒரு பெருமை."

வாத்தியார் மடியில் வைத்திருந்த மூன்று புத்தகங்களையும் மெல்லப் பைக்குள் தள்ளினார்.

"எங்களுக்கு வாழ்க்கைதான் முக்கியம்," என்று செயலாளர் தொடர்ந்தார். "வாழ்க்கைன்னா துயரம். ஒரு கவிஞருக்கு நாலு துயரம் கட்டாயம். வறுமை, வியாதி, காதல் தோல்வி, வீட்டு எதிர்ப்பு. வறுமை எந்த வருஷம்னு சொல்லுங்க, எழுதிக்கிறோம்."

வாத்தியார் திருதிருவென்று விழித்தார். "வறுமைன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லீங்களே. வாத்தியார் வேலை..."

"அதை அரை வறுமையா எடுத்துக்கலாம்," என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "கவிதைப் புத்தகத்தைச் சொந்தமா அச்சுப் போட்டீங்களா? போட்டீங்கல்ல? முழுசாயிடுச்சு. அடுத்தது."

வியாதிக்குக் கிட்டப்பார்வை போதும் என்று முடிவானது. 'பார்வையை இழந்துகொண்டே பாடினார்' என்று வரலாற்றாளர் அங்கேயே எழுதிக்கொண்டார். காதல் தோல்வியில்தான் சிக்கல். வாத்தியார் காதலித்த பெண்ணையே கட்டிக்கொண்டவர். இந்த உண்மை வெளிப்பட்டதும் செயலாளர் பேனாவை மூடி வைத்தார்.

"கேட்டவுடனே அவங்க சரின்னுட்டாங்களா?" என்று வரலாற்றாளர் நப்பாசையோடு கேட்டார்.

"ரெண்டு நாள் யோசிச்சுட்டுச் சொல்றேன்னாங்க."

"அந்த ரெண்டு நாள் குடுங்க எனக்கு. நாப்பது பக்கம் வரும்."

கடைசியில் வீட்டு எதிர்ப்பு. வாத்தியார் உற்சாகமாக அப்பாவின் கடையைப் பற்றி, டேப்பைப் பற்றி, தோளுக்கு ஒரு கவிதை பற்றியெல்லாம் சொல்லி முடித்தார். சொல்லச் சொல்ல மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"ஒரு தடவைகூட அடிச்சதில்லையா?"

"இல்லீங்க."

"திட்டினது?"

வாத்தியார் ஞாபகத்தைத் துழாவினார். "ஒரு தடவை கோவிச்சுக்கிட்டார். கவிதை ரொம்பக் குட்டையா இருக்குடா, ஒரு காலர் அளவெடுக்கக்கூடப் பத்தலைன்னு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். ஒரு டாக்டர் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரலில் பேசினார். "மத்த மூணுக்கும் ஈடு உண்டு. வீட்டு எதிர்ப்புக்கு மட்டும் ஈடு கிடையாது. விதியில இடமில்ல. அன்பான அப்பாவை வெச்சுக்கிட்டுக் கண்ணாடி அலமாரிக்குப் போனவர் இதுவரைக்கும் ஒருத்தர்கூட இல்லீங்க. பார்த்துக்குங்க."

வரலாற்றாளர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வாத்தியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பயப்படாதீங்க சார். நான் எழுதின எல்லார் வாழ்க்கையிலயும் அப்பா ஒரே அப்பாதான். மொதல் புத்தகத்துக்கு ஒருத்தரைக் கஷ்டப்பட்டு உருவாக்கினேன். அப்புறம் தொழிலை மட்டும் மாத்திக்கிட்டே வரேன். தையல்னா ரொம்ப வசதி. மர ஸ்கேல் இருக்கு, இஸ்திரிப் பெட்டி இருக்கு. போன புத்தகத்துல ஒரு தபால்காரரை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த மனுஷன் எதை எடுத்து அடிப்பார், சொல்லுங்க?"

"உங்க அப்பா எப்படிங்க?" என்று வாத்தியார் கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"எங்க அப்பாவா? தங்கம் சார். அதனாலதான் நான் கவிஞன் ஆகாம வரலாற்றாளர் ஆயிட்டேன்."

அந்த இடத்தில் வாத்தியார் எழுந்து வந்திருக்க வேண்டும். நாமாக இருந்தால் வந்திருப்போம் என்று சொல்லிக்கொள்வது சுலபம். நம்முடைய புத்தகம் துடைப்பத்தோடு கிடக்கவில்லை. அவர் எழுந்து வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு என்று அப்பாவே சொல்லியிருக்கிறாரே என்று ஒரு நொண்டிச் சாக்கு மனதில் வந்து நின்றது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "சரிங்க" என்றார். அது அவர் காதிலேயே விழவில்லை. செயலாளர் காதில் விழுந்துவிட்டது. சம்மதம் என்றால் அவருக்குப் பக்கத்து அறையில் சொன்னாலும் கேட்கும்.

"நல்லது. அப்பா எப்ப தவறினார்?"

"இருக்காருங்க."

"இப்பவுமா?" என்று செயலாளர் அதிர்ந்துபோனார். எதிர்த்த அப்பாவுக்குப் பேரவையில் 'தடை' என்று பெயர்; உயிரோடு இருக்கிற தடையை நேரில் வந்து விசாரித்துச் சான்று எடுக்க வேண்டும் என்பது விதியாம். பெரும்பாலான கவிஞர்கள் இந்தத் தொந்தரவெல்லாம் பேரவைக்குக் கொடுப்பதில்லையாம்.

விஷயத்தைக் கேட்ட மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினாள். கரண்டியோடு பேசினால் என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்கே இருந்திருக்கும்.

"ஏங்க, உங்களுக்கு வெக்கமா இல்ல? மாமா ஒரு எறும்பை மிதிச்சிருப்பாரா?"

"மெல்லப் பேசு. எல்லாம் ஒரு சம்பிரதாயம். யாரும் படிக்கப் போறதில்ல. அவரும் எவ்வளவு சந்தோஷமா இருக்கார் பாரு."

"எதுக்குச் சந்தோஷப்படுறோம்னு அவருக்குத் தெரியுமா?"

வாத்தியார் நழுவினார். நேராக அப்பாவின் அறைக்குப் போய், நாளைக்குப் பேரவையிலிருந்து வருவார்கள், என்ன கேட்டாலும் ஆமாம் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவைத்தார். "அதுல என்னடா கஷ்டம்?" என்று அப்பா சிரித்தார்.

வந்தார்கள். அப்பா சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் எழுந்து நின்று, பேரவைக்கே உரிய நடையில் வாசித்தார்: "தங்கள் புதல்வரது படைப்பூக்கத்திற்குத் தாங்கள் இளமைக்காலம் முழுமையும் இடையூறாக விளங்கியமை குறித்தும், அதன்பொருட்டு மெய்வருத்தம் விளைவித்தமை குறித்தும், தங்களுக்கு மறுப்பேதும் உளதா, அன்றி இசைவா?"

அப்பாவுக்கு 'புதல்வர்' என்பது வரைக்கும் புரிந்தது. மகனைப் பார்த்தார். மகன் தலையை ஆட்டினார்.

"ஆமாங்க," என்றார் அப்பா முகம் மலர. "எல்லாம் என் பையன் சொல்றபடிதான். உங்களுக்குப் பெரிய மனசு."

செயலாளர் அவருடைய கையைக் குலுக்கினார். "இவ்வளவு ஒத்துழைப்பு குடுக்குற தடையை நான் பார்த்ததே இல்ல" என்று வாசலில் வைத்து வாத்தியாரிடம் வியந்தார்.

விழாவுக்குக் கோட்டு தைத்தே தீருவேன் என்று அப்பா நின்றார். வாத்தியார் கையை விரித்துக்கொண்டு நின்றார். அப்பா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வோர் அளவையும் சாக்குக்கட்டியால் ஜன்னல் கட்டையில் எழுதிக்கொண்டார், மறந்துவிடும் என்று. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாத்தியார், "அப்பா, அந்தப் புத்தகத்துல..." என்று ஆரம்பித்தார். "ம்ஹும், அசையாதே" என்று அப்பா ஊசிகளுக்கு நடுவே அதட்டினார். வாத்தியார் அசையவில்லை. கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே முழுக்கை அளவும் கொடுத்து முடித்தார்.

விழா மண்டப வாசலில் குடும்பத்தாருக்குச் சட்டையில் குத்திக்கொள்ளப் பட்டை கொடுத்தார்கள். மனைவிக்குப் பச்சைப் பட்டை, 'துணை'. அப்பாவுக்குச் சிவப்புப் பட்டை, 'தடை'. அப்பா கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

"என்னடா போட்டிருக்கு இதுல?"

"முக்கிய விருந்தினர்னு போட்டிருக்குப்பா."

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் புதுக் கோட்டு பொசுங்கியிருக்க வேண்டும். அப்பா பட்டையை நீவிவிட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, முதல் வரிசை நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கடந்து போனவர்கள் எல்லாம் அந்தப் பட்டையைப் படித்துவிட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். மரியாதை கொடுக்கிறார்கள் என்று அவர் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டார்.

முதலில் நாடகம். கவிஞரின் இளமைப் பருவம். மேடையில் ஒரு முரட்டு ஆள் வந்து ஒரு பையனிடமிருந்து நோட்டைப் பிடுங்கினான், கிழித்தான், மர ஸ்கேலால் விளாசினான். சபை 'த்சொ த்சொ' என்றது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் அப்பாதான்.

"யாருடா இந்தப் படுபாவி? பெத்த பிள்ளையை இந்த அடி அடிக்கிறான்!"

வாத்தியார் குனிந்து கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மேடையில் அந்த முரடன் தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தான். ஒலிபெருக்கியில் வாத்தியாரின் பேரைச் சொல்லி, அவருடைய தந்தை, தையற்காரர் என்று அறிவித்தார்கள். அப்பா பேச்சை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த மகனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மிச்ச நாடகம் முழுக்கத் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தபடி இருந்தார்.

தலைவர் பேசினார். "இந்த மாபெரும் கவிஞரை நமக்குத் தந்தது யார்? அதோ, சிவப்புப் பட்டை அணிந்திருக்கிறாரே, அவர்! அவர் மட்டும் அன்பாக இருந்திருந்தால் இன்று இந்த விழா உண்டா? எனக்கு இந்தப் பதவி உண்டா? இன்றைய பெற்றோர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. பிள்ளைகளைக் கொஞ்சுகிறார்கள். இப்படியே போனால் இருபது வருஷத்தில் பேரவையை இழுத்து மூட வேண்டியதுதான்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்பாவையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றார்.

வீடு திரும்பும்வரை அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார், புத்தகத்தைக் கொஞ்சம் கொடு என்று. கொடுக்காமல் இருக்க வாத்தியாருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அன்றிலிருந்து அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அந்த விரல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். ஸ்கேல் வருகிற பக்கத்தை அப்பா தாண்டிவிட்டார் என்று தெரிந்த நாள் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்திலும் நிம்மதி இல்லை. ஒரு நாள் ஒரு பையனின் தகப்பனார், ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், ஆசிரியர் அறைக்கு வந்து பணிவாக நின்றார்.

"சார், எங்க பையனும் கவிதை எழுதுறான். உங்க வாழ்க்கையைப் படிச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஒரு சந்தேகம் கேக்கலாமா? நான் இப்பவே ஆரம்பிச்சுடலாமா, இல்ல எட்டாவது போகட்டும்னு விட்டுடலாமா?"

"எதை ஆரம்பிக்கணும்?"

"அடிக்கிறதைத்தான் சார். எனக்கு மனசே வரல. ஆனா அவன் எதிர்காலம்னு ஒண்ணு இருக்கே."

வாத்தியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த மனிதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அடிக்காதீங்க, என்னைப் பெத்த ஐயா, அடிக்காதீங்க" என்று கெஞ்சினார். அவரோ, அடிபட்டவருக்குத்தானே அதன் வலி தெரியும் என்று உருகிப் போனார். சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத்தான் போனார், ஆனால் போகும்போது முகத்தில் ஒரு ஏமாற்றம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது புத்தகம் மூடிக் கிடந்தது.

"படிச்சு முடிச்சுட்டேன்டா," என்றார் அப்பா. "உக்காரு."

வாத்தியார் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லடா. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். உன்னை அடிச்ச மாதிரியே ஞாபகமில்ல. ஆனா இப்பல்லாம் எனக்கு எதுதான் நிக்குது? காலைல மாத்திரை சாப்பிட்டேனா இல்லையான்னு உன் பொண்டாட்டியைத்தான் கேக்குறேன்." அவர் மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்தார். "எப்படிடா எனக்குக் கை வந்துச்சு? அந்தச் சின்ன முதுகுல? அதையும் சுத்தமா மறந்துட்டு, இத்தனை வருஷமா உன்கிட்ட நல்லவன் மாதிரி உக்காந்து சோறு தின்னிருக்கேனே. மன்னிச்சுடுடா."

வாத்தியார் தரையில் இறங்கி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் அடிக்கவே இல்லை, நான்தான் பொய்க்குச் சம்மதித்தேன், முத்திரைக்கு ஆசைப்பட்டு உங்களை விற்றுவிட்டேன் என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக அவர் ஒரு கவிதையில்கூடப் பேசியதில்லை.

அப்பா அவர் தலையைத் தடவினார். "என் மனசு நோகக்கூடாதுன்னு பழியை நீ எடுத்துக்கிறே."

"இல்லப்பா, சத்தியமா."

"போடா. நீ பொய் சொல்ற ஆளா? நான் வளர்த்த பிள்ளை எனக்குத் தெரியாதா? அவ்வளவு பெரிய மனுஷங்க, முத்திரை போட்டு, இத்தனை பேர் முன்னால... அதெல்லாம் பொய்யா இருக்குமா?"

மறுநாள் வாத்தியார் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பேரவைக்கு ஓடினார். இப்போது அவருக்கு முன்னறையில் மெத்தை போட்ட நாற்காலி. உட்காரவில்லை. முத்திரையும் வேண்டாம், அலமாரியும் வேண்டாம், அப்பாவை மட்டும் திருத்திக் கொடுங்கள் என்று செயலாளரின் மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

செயலாளர் பதறவில்லை. "அச்சான துயரத்தைத் திரும்ப வாங்குறதுக்கு விதி இருக்கு. ஆனா நீங்க சொன்னாச் செல்லாது. துயரம் பட்டவருக்குப் பிற்காலத்துல பெருந்தன்மை வந்துடும், அதை நாங்க கணக்குல எடுக்குறதில்ல. துயரம் குடுத்தவர் தன் வாயால மறுக்கணும். உங்க அப்பா 'நான் அடிக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். புத்தகத்தை வாபஸ் வாங்கிடுறோம்."

ஒரு வார்த்தை. வாத்தியாருக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவை உட்கார வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். அடித்தீர்களா என்று கேட்பார்கள், இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனைவிகூட அன்றைக்கு அவரிடம் முகம் கொடுத்துப் பேசினாள். "இதையாவது உருப்படியாப் பண்ணீங்களே," என்றாள்.

செயலாளர் தனியாக வந்தார், தோல்பையும் பேனாவுமாக. இந்தத் தடவை மகனே கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் பேரவை நடையை விட்டுவிட்டுப் பேச்சு நடையில் கேட்டார்.

"பெரியவரே, உங்க பையன் கவிதை எழுதினதுக்காக அவரை எப்பவாவது அடிச்சீங்களா?"

அப்பா மகனைப் பார்த்தார். மகன் இல்லை என்று தலையை ஆட்டினார். கண்ணால் மன்றாடினார். மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன தடவை அவன் சொன்னதைச் சொன்னேன்," என்றார் அப்பா. "இந்தத் தடவை என்னை விட்டுடுங்க. இந்த வயசுல பொய் சொல்லிட்டுப் போகச் சொல்லாதீங்க. அடிச்சேங்க."

"அப்பா!"

"இருடா. எனக்கு இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வருது. ஸ்கேலால மட்டும் இல்லீங்க. அதைப் புத்தகத்துல எழுதாம விட்டுட்டாங்க, இவன் என்னைக் காப்பாத்துறதுக்காகச் சொல்லியிருக்க மாட்டான். ஒரு மழை நாள். கதவுக்கு வெளிய நிக்க வெச்சேன். நனைஞ்சுக்கிட்டே நின்னான், 'அப்பா அப்பா'ன்னு கூப்பிட்டான். நான் மிஷினை நிறுத்தவே இல்ல." அப்பாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "அந்தச் சத்தம் இப்பவும் கேக்குதுங்க."

அப்படி ஒரு மழை நாள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மழை வந்தால் கடையை அப்படியே விட்டுவிட்டுக் குடையோடு பள்ளி வாசலுக்கு ஓடி வந்தவர் அவர். வாத்தியார் அதைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லி என்ன பிரயோஜனம்? அதற்குள் செயலாளர் வேகமாக எழுத ஆரம்பித்திருந்தார். மழை அவருக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் பதிப்புக்குத் தனி அத்தியாயமே போடலாம் என்றார்.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலியிலிருந்து தடுமாறி எழுந்து வந்து, மகனுக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். பெற்ற அப்பா கும்பிட்டு நிற்பதைப் பார்க்க முடியாமல் வாத்தியார் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கப் பார்த்தார். அவை இறங்கவில்லை.

"நான் அடிக்கலைன்னு மட்டும் சொல்லாதேடா. அது எனக்கு ஆறுதல் இல்ல. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நிம்மதியாத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

வாத்தியார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அது செல்லவில்லை. இந்தக் கிழவருக்குக் கொடுக்க இனி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதுவும் பொய்.

"மன்னிச்சுட்டேன்ப்பா," என்றார்.

அப்பாவின் தோள்கள் தளர்ந்தன. கூப்பிய கைகள் மெல்ல இறங்கின. முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

செயலாளர் பேனாவை இரண்டு தடவை உதறினார்.

"ஒரு நிமிஷம். மை நின்னுடுச்சு. அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை சொல்றீங்களா? கொஞ்சம் சத்தமா."

அப்பாவும் காதைக் கொடுத்துக்கொண்டு ஆவலாக நின்றார். வாத்தியார் சத்தமாகச் சொன்னார்.